நாலே முக்கால் வயதும் நான்கு பக்க எழுத்தும்

கோவைப் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு நாலே முக்கால் வயது. விளையாட்டு முறையில் கற்பிப்பதாகச் சொல்லும் ஒரு சிறிய பள்ளியில் எல்.கே.ஜி. முடிக்கப் போகிறாள். அதே வயதுள்ள உறவினர் வீட்டுப் பையன் ஊரில் பெயர்பெற்ற வேறொரு பள்ளியில் படிக்கிறான். 1 முதல் 100 வரை எழுதுகிறான், ஆங்கிலத்தைக் கூட்டெழுத்திலேயே எழுதுகிறான். இவளுக்குத் தன் பெயரை முழுதாக எழுத வரவில்லை. "விளையாடுவதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுகிறோம்?" என்று கணவர் கேட்கிறார். மாமனார் தம் பங்குக்கு "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்கிறார். ஆகவே யு.கே.ஜி.க்குப் பள்ளியை மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு முற்றி, புதிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்காகப் பக்கத்துத் தெரு ஆசிரியை ஒருவரிடம் டியூஷனும் வைத்தாகிவிட்டது. தினமும் நான்கு பக்கம் எழுத்து. தப்பினால் ஸ்கேலால் 'லேசாக' விரலில் ஒரு தட்டு. இப்போது மாலை ஐந்து மணி ஆனால் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். ஒருநாள் பென்சில் டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். 3, 7, 'ந' ஆகியவற்றைத் திருப்பிப் போடுகிறாள், இது டிஸ்லெக்ஸியாவோ (வாசிக்கவும் எழுதவும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) என்ற பயம் வேறு. தாயின் மனம் மட்டும், குழந்தை தானாகவே கற்றுக்கொள்ளும், நாம் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்கிற பக்கம் சாய்கிறது. யார் சொல்வது சரி, பள்ளியை மாற்றலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டியூஷனை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வயிற்று வலி வருவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்காக அவள் நடிக்கிறாள் என்று எண்ண வேண்டாம். இந்த வயதுக் குழந்தைக்குப் பயத்தைச் சொல்லத் தெரியாது, ஆனால் வயிறு உண்மையாகவே வலிக்கும். மலச்சிக்கலோ பூச்சித் தொல்லையோ இல்லை என்பதைக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்கேல் தட்டு லேசானதா என்பதை அடிப்பவரோ பார்ப்பவரோ முடிவு செய்ய முடியாது. பொறுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தேவையற்ற உடல் வலியோ மன வேதனையோ தருவதை 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவில் குற்றமாகவே வைத்திருக்கிறது. வழக்குப் போடச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீட்டில் உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது உதவும்.

இரண்டு பள்ளியின் பெயர்ப் பலகையும் வகுப்பறையும்

உங்கள் கடிதத்தில் ஒரு பள்ளி விளையாட்டின் பக்கமும் மற்றொன்று கற்பித்தலின் பக்கமும் நிற்கின்றன. நீங்கள் தந்திருக்கும் விவரங்களைக் கூர்ந்து படித்தால் இரண்டுமே அப்படி நிற்பதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய பள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இது: காலையில் ரைம்ஸ், பிறகு ஒரு பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கட்டைகளைத் தரையில் கொட்டிவிட்டு ஆசிரியை நோட்டுகளைச் சரிபார்ப்பார், பன்னிரண்டரைக்கு மணி. கதைப் புத்தகம் படித்துக் காட்டியதாக மகள் இதுவரை சொன்னதில்லை. குழந்தைக்கு ஓடியாடும் நேரமும் தன்னிஷ்டமாக விளையாடும் நேரமும் கட்டாயம் வேண்டும், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டு வழிக் கல்வி என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அங்கே ஆசிரியைக்கு வேலை அதிகம். என்ன கற்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துப் பொருள்களைத் தேர்ந்து வைப்பதும், குழந்தை செய்வதைக் கவனித்துச் சரியான நேரத்தில் ஒரு கேள்வி கேட்பதும், புதிய சொல் ஒன்றைப் பேச்சோடு பேச்சாகக் கொடுப்பதும் அவர் பொறுப்பு.

மற்றப் பள்ளியிலும் சிக்கல் உண்டு. நேரடியாகக் கற்பிப்பது என்றால் ஆசிரியர் ஒன்றைத் தெளிவாகச் சொல்வார், செய்து காட்டுவார், குழந்தையோடு சேர்ந்து செய்வார், பிறகு தனியே செய்யவிட்டுத் திருத்துவார். இந்த வயதில் இதற்குப் பத்து நிமிடம் போதும். நாற்பத்தைந்து குழந்தைகளைப் பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகையில் உள்ளதை நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுத வைக்கும்போது அங்கே யாரும் யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. அந்தப் பையன் 100 வரை எழுதுகிறான் என்றால் மகிழ்ச்சிதான். அவனிடம் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையைக் கொடுத்து, அதிலிருந்து பதின்மூன்றை எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள். எடுத்துக் கொடுத்தால் அவனுக்கு எண் தெரியும். திணறினால் அவன் கற்றிருப்பது எண்களின் வரிசையை வரைவதை மட்டும். உங்கள் மகள் ஐந்து தட்டு கேட்டால் ஐந்தைத்தான் கொண்டுவருகிறாள் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் கணக்காகவே எண்ணவில்லை. நான் எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் போகிற போக்கில், சற்றுக் குறையாகவே எழுதியிருக்கிறீர்கள்: கொட்டாங்குச்சியும் சொப்புச் சாமானும் வைத்துக் கடை விளையாடும்போது பழைய டைரித் தாளில் வளைந்து வளைந்து கிறுக்கி, "இந்தாங்க பில்லு, அம்பது ரூபா" என்று தாத்தாவிடம் நீட்டுகிறாள். பேச்சைத் தாளில் வைக்கலாம், அதை இன்னொருவர் படிப்பார், பொருளுக்கு விலை உண்டு, விலை ஓர் எண் என்பதெல்லாம் அந்தக் கிறுக்கலில் இருக்கின்றன. நான்கு பக்கம் 'ஏ, பி, சி' எழுதும் பல குழந்தைகளுக்குத் தாங்கள் எதற்காக எழுதுகிறோம் என்பதே தெரிவதில்லை.

எது தானாக வரும், எதைச் சொல்லித்தர வேண்டும்

இங்கே உங்களையும் ஓர் இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது. குழந்தை எல்லாவற்றையும் தானாகக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மையல்ல. பேச்சு தானாக வரும், எழுத்து வராது. 'ப' என்ற வடிவத்துக்கும் அதன் ஒலிக்கும் இடையே இயற்கையான உறவு எதுவும் இல்லை, முன்னோர் வைத்தது, ஆகவே தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் 1968 முதல் 1977 வரை ஏழைக் குழந்தைகளிடம் பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த 'ஃபாலோ த்ரூ' திட்டத்தில், அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே நின்றது திட்டமிட்ட நேரடிக் கற்பித்தல்தான். அதில் படித்த குழந்தைகளின் தன்மதிப்பும் குறைந்துவிடவில்லை. வீட்டில் புத்தகமோ எழுத்தோ புழங்காத குழந்தைக்குப் பள்ளியும் சொல்லித்தராவிட்டால் வேறு வழியில்லை. இந்த அளவில் உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதை அவரிடமே சொல்லுங்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் இருந்தவர்கள் யு.கே.ஜி. வயது தொடங்கி மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகள். அவர்களுக்குக் கிடைத்தது சிறு குழுவில் வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பாடம், நான்கு பக்கப் பார்த்தெழுத்து அல்ல.

கருத்தாகப் புரிய வேண்டியவை வேறு வகை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்றாகப் பிரித்து வடிவங்களைக் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆசிரியர் விளக்கினார், குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது குழு அதே அட்டைகளோடு தன் போக்கில் விளையாடியது. மூன்றாவது குழுவில் பெரியவர் துப்பறியும் விளையாட்டுப் போல, "இவையெல்லாம் ஏன் முக்கோணம்? அந்த ரகசியத்தைக் கண்டுபிடிப்போமா?" என்று கேட்டுக் கேட்டு அழைத்துச் சென்றார். பாடநூலில் இருப்பது போன்ற நேரான முக்கோணம் மட்டுமின்றி ஒல்லியாக, சாய்ந்து, தலைகீழாக நிற்கும் முக்கோணத்தையும் முக்கோணம் என்று அதிகமாகக் கண்டுகொண்டது மூன்றாவது குழுதான். தானாக விளையாடிய குழு மிகவும் பின்தங்கியது. உங்கள் இப்போதைய பள்ளியை நினைத்துத்தான் இந்தக் கடைசி வரியை எழுதினேன்.

ஆகவே ஒலியையும் எழுத்து வடிவத்தையும் பென்சில் பிடியையும் நேராகச் சொல்லிக் கொடுக்கலாம், சுருக்கமாக. அளவு, எண்ணிக்கை, சொல்வளம், தன் முறை வரும்வரை காத்திருப்பது, தோற்றாலும் ஆட்டத்தைக் கலைக்காமல் இருப்பது ஆகியவை பெரியவர் ஒருவர் உடனிருக்கும் விளையாட்டில் வரும். பிறகு எதுவும் கற்பிக்காத வெறும் விளையாட்டும் வேண்டும், அதற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை.

மாமனாரின் பழமொழியை மறுத்துப் பேச வேண்டாம். அவர் காலத்துக்கும் முந்திய திண்ணைப் பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால்தான் எழுதிப் பழகியது என்பதை மட்டும் நினைவூட்டுங்கள். பிந்தினால் பிடிக்கவே முடியாது என்கிற பயத்துக்கும் ஆதாரம் குறைவு. நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, 11 வயதளவில் வாசிப்பு வேகத்தில் வேறுபாடு மறைந்திருந்தது. அது ஆங்கில எழுத்து. 247 எழுத்துள்ள நம் மொழியில் எழுத்தறிவு இயல்பாகவே சில ஆண்டுகளுக்குப் படிப்படியாக வருவது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளையே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எட்டு வயதுக்குள் அடிப்படை வந்துவிட வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. ஐந்து வயதுக்குள் என்று வைக்கவில்லை.

திருப்பிப் போடும் எழுத்து

ஏழு வயது வரையிலும் எழுத்தையும் எண்ணையும் திருப்பிப் போடுவது சாதாரணம். ஒரு கிண்ணத்தை இடப்புறம் திருப்பினாலும் வலப்புறம் திருப்பினாலும் அது கிண்ணம்தான் என்று நான்கு ஆண்டுகள் உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எழுத்து மட்டும் திரும்பினால் வேறாகிவிடும் என்பது புதிய செய்தி. டிஸ்லெக்ஸியா என்று இந்த வயதில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்பவரை நம்ப வேண்டாம்.

கையும் அப்படித்தான். பெரும்பாலும் மூன்று வயதில் வட்டத்தையும், நான்கில் கூட்டல் குறியையும், நாலரையை ஒட்டிச் சதுரத்தையும், ஐந்தை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரைய வரும். சாய்ந்த கோடுகளே இன்னும் முழுதாக வசப்படாத கைக்குக் கூட்டெழுத்துக் கொடுப்பதில் அவசரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறு சிலவற்றை. அவள் பேச்சு வெளியாருக்குப் புரிகிறதா? "செருப்பை விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை மேசையில் வை" என்றால் இரண்டையும் செய்கிறாளா? பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? டிவியை நெருங்கிப் போய்ப் பார்க்கிறாளா? 'பல், கல், சொல்' போன்ற ஒலியொத்த சொற்களை வைத்து விளையாடப் பிடிக்கிறதா? குடும்பத்தில் வாசிக்கச் சிரமப்பட்டவர் உண்டா? இவற்றில் ஐயம் இருந்தால் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காது, கண், பேச்சு, வளர்ச்சி எல்லாவற்றையும் கட்டணமின்றிப் பார்ப்பார்கள்.

பள்ளியை மாற்றுவது

நுழைவுத் தேர்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, 13ஆவது பிரிவின்படி சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பது தவறு. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனால் அச்சட்டம் குழந்தை என்று வரையறுப்பது 6 முதல் 14 வயதினரை. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்கு இந்தப் பிரிவு எவ்வளவு பொருந்தும் என்பது நீதிமன்றங்களில் வாதத்துக்குள்ளான விஷயம். ஒன்றாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தால் துணிந்து கேட்கலாம், யு.கே.ஜி.க்கு வைத்தால் சட்டத்தை மட்டும் நம்பி வாதாடுவது சிரமம். வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அது கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யு.கே.ஜி. குழந்தைக்கு நான்கு பக்கம் என்றால் அதைக் குறிப்பிட்டு முதல்வரிடம் பேச உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

உங்கள் கணவர் சொல்லும் காரணங்களில் கனமானது ஒன்றுதான்: யு.கே.ஜி.யில் சேராவிட்டால் ஒன்றாம் வகுப்பில் இடம் கிடைக்காது என்பது. இதைக் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்விப்பட்டதை வைத்து முடிவெடுக்காமல், பள்ளி அலுவலகத்திலேயே கடந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். உண்மையிலேயே இடம் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேதான் படிக்க வைக்கப் போகிறோம் என்றால், இரண்டு முறை பள்ளி மாற்றாமல் இப்போதே மாற்றுவதில் தவறில்லை. இடம் கிடைக்குமென்றால் ஓராண்டு பொறுப்பது என் விருப்பம், அதுவும் இப்போதைய பள்ளி கொஞ்சமாவது மாற இசைந்தால். தினமும் ஒரு கதை, வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்தின் ஒலி, விளையாடும்போது ஆசிரியை தரையில் குழந்தைகளோடு உட்காருவது ஆகிய மூன்றையும் அவரிடம் கேளுங்கள். சண்டையாக வேண்டாம், இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து போங்கள்.

எந்தப் பள்ளியானாலும் ஒரு காலை வகுப்பு நடக்கும்போது பத்து நிமிடம் வாசலில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். வகுப்பில் எத்தனை பேர், குழந்தைகள் பேசும் சத்தம் கேட்கிறதா, தப்பாகச் சொன்ன குழந்தையிடம் ஆசிரியை எப்படி நடந்துகொள்கிறார், கழிப்பறைக்குப் போகத் தயங்காமல் கேட்கிறார்களா என்று பாருங்கள். பார்க்கவே விடாத பள்ளியைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் வராது. உங்கள் பகுதி அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தையும் விட்டுவிட வேண்டாம். 2019இல் இத்தகைய வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகளுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமே இருக்கிறது. நடைமுறை இடத்துக்கு இடம் மாறும், நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வீட்டில் இருபது நிமிடம்

டியூஷனுக்குப் பதில் என்ன என்று கணவர் கேட்பார். எழுத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அவள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கி, பிறகு கோடுகளால் ஆன 'ட', அதனோடு ஒரு கோடு சேர்ந்த 'ப', வளைவு கூடும் 'ம' என்று போகலாம். சுழி நிறைந்த 'ண', 'ன' பிறகு வரட்டும். தட்டில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே நீங்கள் விரலால் எழுதுங்கள், அவள் விரலைப் பிடித்து எழுதுங்கள், பிறகு அவளை விடுங்கள். அந்த ஒலியில் தொடங்கும் மூன்று பொருளைச் சமையலறையில் தேடச் சொல்லுங்கள். திருப்பிப் போட்டால் அடிக்கோடிட வேண்டாம், பக்கத்தில் சரியாக ஒன்று எழுதிக் காட்டினால் போதும்.

எண்ணுக்கு உங்கள் கணவரை உட்கார வையுங்கள். பல்லாங்குழியில் 14 குழிக்கும் ஐந்தைந்தாக நிரப்புவதற்குள்ளேயே எவ்வளவு கணக்கு வந்துவிடுகிறது என்று அவரே பார்க்கட்டும். இன்னும் எளிதாக வேண்டுமானால் தரையில் நேர்கோட்டில் 1 முதல் 10 வரை கட்டம் போட்டுக் காய் நகர்த்தலாம். அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளோடு இதே போன்ற ஆட்டத்தை இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அளவுக்கு விளையாடியபோதே அவர்களின் எண்ணறிவு கூடியதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. எண் இல்லாமல் நிறம் மட்டும் போட்ட கட்டத்தில் விளையாடியவர்களுக்கு அது கூடவில்லை. நான்கில் நிற்கும் காயை இரண்டு நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று சொல்லாமல் "ஐந்து, ஆறு" என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்ல வைப்பது முக்கியம்.

இரவில் ஒரு கதை, தமிழில். ஆங்கிலம் பின்தங்கிவிடும் என்று அஞ்சாதீர்கள், நீங்கள் தயங்கித் தயங்கிப் பேசும் ஆங்கிலத்தைவிடச் சரளமாகப் பேசும் தமிழில்தான் அவளுக்குச் சொல்லும் சிந்தனையும் வளரும். படித்துக்கொண்டே போகாமல் இடையிடையே "அடுத்து என்ன ஆகும்?" என்று நிறுத்துங்கள். சோர்வான நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

டியூஷன் ஆசிரியை பக்கத்துத் தெருக்காரர் என்பதால் சங்கடப்படுகிறீர்கள். அவரிடம் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை; "டாக்டர் இப்போதைக்கு எழுத வைக்க வேண்டாம் என்றார், அடுத்த வருடம் பார்க்கலாம் அக்கா" என்று சொல்லி, இந்த மாதத்துக்கான பணத்தை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே நிறுத்துங்கள். இனி அங்கே போக வேண்டியதில்லை என்பதை மகளிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.